புரதக் களத்தின் எல்லையை எந்தக் கருவியைக் கொண்டு முடிவு செய்வது?

பாயான் லெப்பாஸ் மாணவி
திங்கள், இரவு 9.12

வணக்கம். பினாங்கில் முதுநிலை ஆய்வு செய்துவருகிறேன். ஆய்வகத்தில் டொமைன் என்று நாங்கள் சொல்வதை இந்த இழையில் களம் என்றே எழுதுகிறேன். புரதச் சங்கிலியில் தானாகவே மடிந்து, தனக்கென ஓர் உருவத்தோடு நிற்கக்கூடிய பகுதி என்ற பொருளில் அச்சொல்லைக் கையாள்கிறேன்.

மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ரப்பர் மர மரபணுத்தொகுதி வரைவிலிருந்து ஒரு புரதத்தை எடுத்திருக்கிறேன். அதன் நீளம் 468 அமினோ அமிலங்கள். பல களத் தரவுத்தளங்களை ஒருசேரத் தேடித்தரும் இன்டர்ப்ரோவில் அதன் அமினோ அமில வரிசையைக் கொடுத்தபோது, அவற்றுள் ஒன்றான பிஃபாமின் களம் ஒன்று 112 முதல் 228 வரை பொருந்துவதாகக் காட்டியது. அந்தப் பகுதியை மட்டும் வெட்டி ஈ. கோலை நுண்ணுயிரியில் உற்பத்தி செய்தேன். புரதம் நிறையவே வந்தது. ஆனால் அத்தனையும் கரையாமல் வண்டலோடு போய்விட்டது. வளர்ப்பு வெப்பநிலையை 18 பாகைக்குக் குறைத்தும் பயனில்லை.

பிறகுதான் மற்றக் கருவிகளைத் தேடிப் போனேன். ஸ்மார்ட் என்னும் மற்றொரு களத் தரவுத்தளம் அதே களத்தை 96 முதல் 241 வரை என்கிறது. அமெரிக்காவின் என்.சி.பி.ஐ. தளத்தில் உள்ள சி.டி. தேடல், களத்தின் பெயரைச் சொல்லாமல் பெருங்குடும்பத்தின் பெயரை மட்டும் காட்டுகிறது. வரிசையில் குறுங்கோலங்களைத் தேடும் ஸ்கேன்ப்ரோசைட்டோ மூன்று இடங்களில் சர்க்கரைச் சங்கிலி ஒட்டக்கூடும் என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை. 245-க்குப் பிறகுள்ள 220-க்கும் மேற்பட்ட அமினோ அமிலங்களைப் பற்றி எல்லாக் கருவிகளும் மௌனமாக இருக்கின்றன. மூன்று மாத உழைப்பு வீணாகிவிட்டதே என்ற கவலையோடு கேட்கிறேன்: இவற்றுள் எதை நம்பி அடுத்த துண்டை வெட்டுவது?

செந்தூல் ஆய்வாளர்
திங்கள், இரவு 10.47

தங்கையே, நான்கு கருவிகளிடமும் நீங்கள் ஒரே கேள்வியைக் கேட்டதாக எண்ணுகிறீர்கள். ஆனால் அவை ஒவ்வொன்றும் வேறு கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கின்றன. அதனால் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்ப்போம்.

முதலில் பிஃபாம். 112 முதல் 228 வரை என்பது களத்தின் எல்லை அன்று. களத்தின் மாதிரி உங்கள் வரிசையோடு நம்பகமாகப் பொருந்திய பகுதியின் எல்லை. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிக்காமல் துண்டு வெட்டியவர்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இருபது ஆண்டுகளுக்கு முன் நானும் அதையே செய்தேன். ஐரோப்பிய உயிர்தகவலியல் நிறுவனத்தின் ஹம்மர் தளத்துக்குச் சென்று, அதே வரிசையைப் பிஃபாம் மாதிரிகளோடு மறுபடியும் ஒப்பிடுங்கள். அங்கே உங்கள் வரிசையின் எண்களோடு மாதிரியின் எண்களும் கிடைக்கும். மாதிரியின் மொத்த நீளம் எவ்வளவு, அதன் எந்த இடத்தில் பொருத்தம் தொடங்கி எந்த இடத்தில் முடிகிறது என்ற மூன்று எண்களையும் இங்கே எழுதுங்கள். மாதிரியின் முதல் பகுதி பொருந்தாமல் விடுபட்டிருந்தால், களத்தின் ஓரத்தைக் கத்தியால் அறுத்து எறிந்துவிட்டு மீதியை மடியச் சொல்லியிருக்கிறீர்கள் என்று பொருள். அது கரையாமல் போனதில் வியப்பில்லை.

ஸ்மார்ட்டின் மாதிரி வேறு வரிசைகளைக் கொண்டு, வேறு ஆய்வாளர்கள் கையால் திருத்தி அமைத்த மாதிரி. ஆகவே எல்லை வேறுபடுவது இயல்பு. சி.டி. தேடல் பெருங்குடும்பத்தை மட்டும் சொன்னால், ஒரு குறிப்பிட்ட மாதிரிக்கென வைத்த வரம்பை உங்கள் வரிசை தாண்டவில்லை என்று கொள்ளுங்கள். உறவு இருக்கிறது, எந்தக் கிளை என்று உறுதியாகச் சொல்வதற்கில்லை.

ஸ்கேன்ப்ரோசைட் காட்டிய மூன்று இடங்களை மறந்துவிடுங்கள். அஸ்பராஜின், அடுத்துப் புரோலைன் அல்லாத ஒன்று, அடுத்துச் செரைன் அல்லது த்ரியோனைன், அதற்கும் அடுத்துப் புரோலைன் அல்லாத ஒன்று என்பதுதான் அந்தக் கோலம். புரதங்களில் நூற்றுக்கு நான்கு அஸ்பராஜின், செரைனும் த்ரியோனைனும் சேர்ந்து நூற்றுக்குப் பன்னிரண்டு என்று வைத்துப் பெருக்கினால், 468 நீளமுள்ள எந்த வரிசையிலும் தற்செயலாகவே ஏறத்தாழ இரண்டு இடங்கள் அமைந்துவிடும். மூன்று கிடைத்ததற்குத் தனிப்பொருள் இல்லை. அடிக்கடி தோன்றும் இத்தகைய கோலங்களைத் தவிர்க்க அத்தளத்திலேயே ஒரு தெரிவு இருக்கிறது.

இன்னொன்றையும் பாருங்கள். இன்டர்ப்ரோ பக்கத்தில் பிஃபாம் வரியோடு நிறுத்திக்கொள்ளாமல் கீழே இறங்குங்கள். காத்-ஜீன்3டி, சூப்பர்ஃபாமிலி என்ற வரிகள் இருந்தால், அவை முப்பரிமாண அமைப்பு தெரிந்த புரதங்களிலிருந்து எடுத்த எல்லைகளைத் தழுவியவை. துண்டு வெட்டுவதற்கு அவற்றையே நான் முதலில் பார்ப்பேன்.

பட்டர்வொர்த் ஆசிரியர்
செவ்வாய், காலை 6.35

ஆறாம் படிவ மாணவர்களுக்கு உயிரியல் கற்பிக்கிறேன். பள்ளிக்குப் புறப்படுமுன் படித்ததால் ஒரு கேள்வி மட்டும். மாதிரி, மாதிரி என்று எழுதுகிறீர்களே, ஐயா, அது என்ன? இரண்டு வரிசைகளை நேருக்கு நேர் ஒப்பிடுவதைவிட அது எவ்வகையில் மேலானது?

செந்தூல் ஆய்வாளர்
செவ்வாய், பிற்பகல் 1.20

நல்ல கேள்வி, ஆசிரியர் அவர்களே. ஒரே தாலாட்டைப் பத்துத் தோட்டங்களில் பத்துத் தாய்மார் பாடக் கேட்டதாக எண்ணிக்கொள்ளுங்கள். மாமன் பெயர் மாறும், ஊர் பெயர் மாறும், நடுவில் ஒரு வரி கூடும், ஒரு வரி குறையும். ஆனால் "ஆராரோ" மாறாது. பத்தையும் கேட்டவருக்கு எந்தச் சொல் நிலையானது, எந்த இடத்தில் எது வேண்டுமானாலும் வரலாம், எங்கே வரி நழுவும் என்பதெல்லாம் பிடிபட்டுவிடும். பதினோராவது தாய் பாதி வரியை மாற்றிப் பாடினாலும் அது அதே பாட்டு என்று அவர் சொல்லிவிடுவார். ஒரே ஒரு தாயின் பாட்டை மட்டும் கேட்டவர் திணறுவார்.

மறை மார்க்கோவ் மாதிரி இந்த வேலையைக் கணக்காகச் செய்கிறது. ஒரு குடும்பத்தின் வரிசைகளை அடுக்கி, ஒவ்வொரு நெடுவரிசையிலும் இருபது அமினோ அமிலங்களுள் எது எந்த அளவுக்கு வரும், எங்கே இடைச்செருகல் வரும், எங்கே விடுபடும் என்று நிகழ்தகவுகளாக எழுதிவைக்கிறது. பிஃபாமில் அவ்வாறு 20,000 அளவில் குடும்பங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனியாக ஒரு வரம்பு மதிப்பெண்ணைப் பொறுப்பாளர்கள் வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டினால்தான் இன்டர்ப்ரோவில் பெயர் வரும். தாண்டாவிட்டால், உறவு உண்மையாகவே இருந்தாலும் வராது. "ஒன்றும் இல்லை" என்று திரையில் வருவதற்கும் களமே இல்லை என்பதற்கும் நெடுந்தொலைவு உண்டு என்பதை மாணவர்களுக்கு நீங்கள் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பழைய பாடக்குறிப்புகளில் பிஃபாமின் தனித்தளம் குறிக்கப்பட்டிருக்கும். 2023 சனவரியில் அது மூடப்பட்டு, உள்ளடக்கம் முழுவதும் இன்டர்ப்ரோவில் சேர்ந்துவிட்டது.

பாயான் லெப்பாஸ் மாணவி
செவ்வாய், இரவு 8.05

ஐயா சொன்னபடி ஹம்மரில் பார்த்தேன். மாதிரியின் நீளம் 148. என் வரிசையின் 112-ஆவது இடம் மாதிரியின் 21-ஆவது இடத்தோடும், 228-ஆவது இடம் மாதிரியின் 137-ஆவது இடத்தோடும் பொருந்துகின்றன. முன்னால் 20 இடங்களும் பின்னால் 11 இடங்களும் விடுபட்டிருக்கின்றன. அவற்றைச் சேர்த்துக் கணக்கிட்டால் களம் 92-இல் தொடங்கி 239 அளவில் முடிய வேண்டும். காத்-ஜீன்3டி வரியும் இருக்கிறது. அது 91 முதல் 240 வரை என்கிறது. அந்த வரியை மூன்று மாதங்களாகப் பார்த்துக்கொண்டே இருந்தும் அதன் பொருளை அறியாமல் இருந்திருக்கிறேன்.

பாங்சார் நிரலாளர்
செவ்வாய், இரவு 9.30

மேலே சொன்னவை அனைத்தும் சரியானவை. ஆயினும் இன்று இதைவிட நேரான வழி இருக்கிறது என்பதை வலியுறுத்த விரும்புகிறேன். ஆல்ஃபாஃபோல்டு தரவுத்தளத்தில் 2022 முதல் 200 மில்லியனுக்கும் மேற்பட்ட புரதங்களின் கணித்த முப்பரிமாண அமைப்புகள் இருக்கின்றன. புரத வரிசைகளின் தரவுத்தளமான யுனிப்ராட்டில் உங்கள் புரதம் இருந்தால் அமைப்பும் பெரும்பாலும் அங்கே இருக்கும். பலரும் வண்ணப்படத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அதன் கீழே பச்சை நிறத்தில் ஒரு சதுரம் இருக்கும். எல்லைக்கு அதுதான் சாட்சி. ஓர் அமினோ அமிலத்தை நிலையாக வைத்துக்கொண்டால் மற்றொன்றின் இடம் எவ்வளவு பிழையோடு கணிக்கப்பட்டிருக்கிறது என்பதை ஒவ்வோர் இணைக்கும் அது காட்டுகிறது. ஒரே களத்துக்குள் இருப்பவை ஒன்றையொன்று உறுதியாகப் பிடித்திருப்பதால் பிழை குறைந்து அடர்பச்சைக் கட்டமாகத் தெரியும். இரு களங்களுக்கு நடுவே உள்ள உறவு தெளிவில்லாதபோது அந்த இடம் வெளிறிவிடும். மூலைவிட்டத்தின் மேல் எத்தனை அடர்ந்த கட்டங்களோ, ஏறத்தாழ அத்தனை களங்கள்.

இதே அமைப்புகளைக் கொண்டு 2024-இல் வெளிவந்த டெட் என்னும் களக் கலைக்களஞ்சியம் ஏறத்தாழ 365 மில்லியன் களங்களை வரையறுத்திருக்கிறது. அமைப்பை வைத்து உறவினரைத் தேட ஃபோல்ட்சீக் இருக்கிறது. நொடிகளில் பதில் வருகிறது. களம் என்பதே மடிப்பைக் குறிக்கும் சொல் எனும்போது, மடிப்பே கண்ணெதிரில் இருக்கையில் வரிசை மாதிரிகளை முதலில் கேட்பது ஏன் என்பது என் கேள்வி.

பிரிக்பீல்ட்ஸ் ஆய்வகப் பணியாளர்
புதன், காலை 11.15

ரப்பர் மரம் என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. என் பாட்டி முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். அவர் வாளியில் ஏந்திய பாலில் ஹெவெயின் என்ற சிறு புரதம் நிறைந்திருக்கிறது. வெட்டிய இடத்தில் பால் உறைவதில் அதற்குப் பங்குண்டு. 43 அமினோ அமிலங்கள்தான். அவற்றுள் எட்டு சிஸ்டீன்கள், நான்கு டைசல்பைடு பிணைப்புகள். பூஞ்சையின் சுவரில் உள்ள கைட்டினைப் பற்றிக்கொள்ளும் களம் இது. மரம் இதைத் தனியே ஆக்குவதில்லை. 204 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு முன்புரதமாக ஆக்குகிறது: முதல் 17 வெளியேற்றச் சமிக்ஞை, அடுத்த 43 ஹெவெயின், அதற்குப் பின் பார்வின் என்ற முற்றிலும் வேறான களம்.

களப் பகுப்பாய்வு நோயாளிக்கு என்ன செய்யும் என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். ரப்பர் கையுறையால் ஒவ்வாமை வந்த சிலருக்கு வாழைப்பழம், வெண்ணெய்ப்பழம், செஸ்நட் ஆகியவற்றாலும் ஒவ்வாமை வருகிறது. பழத்துக்கும் பாலுக்கும் என்ன உறவு? அப்பழங்களில் உள்ள முதல் வகுப்புக் கைட்டினேஸ் நொதிகளின் தொடக்கத்தில் ஹெவெயினைப் போன்ற ஒரு களம் இருக்கிறது. இரண்டாம் வகுப்புக் கைட்டினேஸ்களில் அக்களம் இல்லை. முழுப்புரதங்களை மட்டும் ஒப்பிட்டிருந்தால் இந்த உறவு கண்ணில் பட்டிருக்காது. கோதுமை முளையின் லெக்டின் என்னும் புரதத்திலோ அதே களம் ஒரு சங்கிலியில் நான்கு முறை வருகிறது.

செந்தூல் ஐயாவின் கருத்தோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். இவ்வளவு சிறிய களத்தில் மறை மார்க்கோவ் மாதிரிக்கு மதிப்பெண் சேர்க்க இடம் போதாது. உண்மையான உறவினரும் வரம்புக்குக் கீழே விழலாம். அங்கே ப்ரோசைட்டின் கோலம் துணைக்கு வருகிறது. ஹெவெயினில் 12-ஆவது இடத்தில் ஒரு சிஸ்டீன், நான்கு இடங்கள் தாண்டி அடுத்தடுத்து இரண்டு சிஸ்டீன்களும் ஒரு செரைனும், இரண்டு தாண்டிக் கிளைசின், ஒன்று தாண்டிச் சிஸ்டீனும் கிளைசினும், நான்கு தாண்டி டைரோசினும் சிஸ்டீனும் வருகின்றன. இவ்வளவு கட்டுப்பாடுள்ள கோலம் தற்செயலாக அமைவது மிக அரிது. ஆகவே கோலங்கள் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்து ஒதுக்கிவிடக் கூடாது. சர்க்கரை ஒட்டும் கோலம் வேறு, இது வேறு.

செந்தூல் ஆய்வாளர்
புதன், இரவு 9.50

பிரிக்பீல்ட்ஸ் நண்பர் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். கோலத்தின் நீளமும் கட்டுப்பாடும்தான் அதன் மதிப்பை முடிவு செய்கின்றன.

பாங்சார் தம்பிக்கு என் பதில்: எல்லையைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி. அந்தப் பச்சைச் சதுரம் நான் மாணவனாக இருந்தபோது இருந்திருந்தால் எத்தனையோ துண்டுகளை வெட்டியிருக்க மாட்டேன். வரிசையில் இரண்டாகப் பிரிந்து கிடந்து அமைப்பில் ஒன்றாகும் களங்களுக்கும் அமைப்பே சாட்சி. பைருவேட் கைனேஸ் என்னும் நொதியில் ஒரு பீப்பாய்க் களத்தின் நடுவே இன்னொரு களம் செருகப்பட்டிருக்கிறது. வரிசையை மட்டும் பார்ப்பவர் பீப்பாயை இரு களங்களாக எண்ணிவிடுவார்.

ஆனால் களம் என்ற சொல்லை மடிப்புக்கு மட்டும் உரியதாக ஆக்கிவிடாதீர்கள். அது வழிவழியாக வந்த ஓர் அலகும்கூட. ஒரே மடிப்பில் உறவே இல்லாத குடும்பங்கள் இருக்கலாம். ஃபோல்ட்சீக் ஓர் உறவினரைக் காட்டும்போது, அது உருவ ஒற்றுமையா, குருதி உறவா என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. அதற்கு விடை தேட வரிசைக்குத்தான் திரும்பி வர வேண்டும். வினை என்னும் இடத்தில் இது இன்னும் கடுமையாகிறது. புரதங்களில் பாஸ்பேட்டை ஒட்டும் நொதிகளின் குடும்பமான மனிதப் புரதக் கைனேஸ்களுள் ஏறத்தாழப் பத்தில் ஒன்றுக்கு, மடிப்பு கைனேஸாக இருந்தும் வினைக்கு வேண்டிய முக்கிய அமினோ அமிலங்கள் இல்லை. படத்தைப் பார்த்து அதைக் கைனேஸ் என்று எழுதிவிட்டால் பிழை. சி.டி. தேடல் வினைமைய இடங்களை வரிசையின் மேல் தனித்தனியாகக் குறித்துக் காட்டுகிறது. நம் மாணவியைக் குழப்பிய அதே கருவி இந்த ஓரிடத்தில் மற்றவற்றைவிட உதவியானது.

தங்கையே, உங்களுக்கு ஓர் எச்சரிக்கை. மரபணுத்தொகுதி வரைவிலிருந்து வந்த வரிசை என்றீர்கள். வரைவுகளில் மரபணுவின் தொடக்கமும் இணைப்புகளும் தவறாகக் கணிக்கப்படுவது உண்டு. மாதிரியின் முதல் 20 இடங்கள் பொருந்தாதது, வரிசையே அங்கே பிழையாக இருப்பதாலா, பரிணாமத்தில் மாறியிருப்பதாலா என்பதைப் பிந்தைய தொகுப்புகளோடு ஒப்பிட்டு உறுதி செய்த பிறகே துண்டுக்கு ஆணை கொடுங்கள்.

பாங்சார் நிரலாளர்
புதன், இரவு 10.25

பத்தில் ஒன்று என்ற கணக்கு என்னைச் சிந்திக்க வைக்கிறது. வினைக்கும் உறவுக்கும் வரிசை வேண்டும் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். எல்லைக்கு அமைப்பே முதற்சாட்சி என்ற என் கருத்தில் மட்டும் மாற்றமில்லை. ஒவ்வோர் அமினோ அமிலத்துக்கும் ஆல்ஃபாஃபோல்டு நூற்றுக்குத் தரும் நம்பக மதிப்பெண் 70-க்கு மேல் இருக்கும் பகுதியில்தான் அந்தச் சாட்சி செல்லும். 50-க்குக் கீழே போனால் அங்கே வரையப்பட்டிருக்கும் உருவத்தை உருவமாகவே கருத வேண்டாம்.

பாயான் லெப்பாஸ் மாணவி
ஏழு வாரங்களுக்குப் பின், ஞாயிறு, மாலை 5.40

எல்லோருக்கும் நன்றி சொல்லவும், நடந்ததை எழுதவும் திரும்பி வந்திருக்கிறேன்.

பிந்தைய தொகுப்பில் வரிசை மாறவில்லை. முதல் 20 இடங்கள் உண்மையாகவே இக்குடும்பத்தில் விலகிச் சென்றவை. ஆல்ஃபாஃபோல்டின் பச்சைச் சதுரத்தில் முதல் கட்டம் 90-இல் தொடங்கி 243-இல் முடிகிறது. விடுபட்ட முன்பகுதியில் ஒரு பீட்டா இழை இருக்கிறது. அது களத்தின் நடுத்தகட்டில் ஓர் ஓரமாகப் பொருந்தியிருக்கிறது. அதை அறுத்துவிட்டுத்தான் நான் மூன்று மாதங்கள் வெப்பநிலையை மாற்றிக்கொண்டிருந்தேன். இம்முறை இருபுறமும் சிறிது இடம் விட்டு, 88 முதல் 245 வரை வெட்டினேன். புரதத்தில் பாதிக்கு மேல் கரைசலில் நிற்கிறது. புரதங்களை அளவுவாரியாகப் பிரிக்கும் சோதனையில், கட்டிதட்டாமல் ஒரே முகடாக வருகிறது.

கருவிகள் மௌனம் காத்த பின்பகுதியையும் விட்டுவைக்கவில்லை. 246 முதல் 310 வரை நிலையான உருவமில்லாத, ஒழுங்கற்ற பகுதி என்று ஐயுபிரெட் கருவி சொல்கிறது. ஆல்ஃபாஃபோல்டிலும் அங்கே நம்பக மதிப்பெண் 50-க்குக் கீழ். அதற்கு அப்பால் இரண்டாவது பச்சைக் கட்டம் ஒன்று இருந்தது! டூபிங்கனில் உள்ள எச்.எச்.பிரெட் கருவியில் 311-க்குப் பிறகான பகுதியை மட்டும் தனியாகக் கொடுத்தேன். வரிசையை மாதிரியோடு ஒப்பிடாமல் மாதிரியை மாதிரியோடு ஒப்பிடும் கருவி என்பதால், தொலைவான உறவும் அதில் தெரிகிறது. 318 முதல் 455 வரை, அமைப்பு தெரிந்த ஒரு குடும்பத்தோடு 97 விழுக்காடு நிகழ்தகவில் பொருந்துகிறது. ஒத்த அமினோ அமிலங்களோ 14 விழுக்காடுதான். ஃபோல்ட்சீக்கும் அதே குடும்பத்தையே முதலில் காட்டியது. ஆய்வேட்டில் இதை இரண்டாவது களம் என்று எழுதலாமா?

செந்தூல் ஆய்வாளர்
ஞாயிறு, இரவு 8.15

மிக்க மகிழ்ச்சி, தங்கையே. இரண்டு வேறு வழிகள் ஒரே குடும்பத்தைச் சுட்டுவதால், களம் என்று தயங்காமல் எழுதுங்கள். வினையைப் பற்றி மட்டும் எழுதாதீர்கள். அக்குடும்பத்தின் வினைமைய அமினோ அமிலங்கள் உங்கள் வரிசையில் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகு அதற்குத் தனிப் பத்தி ஒதுக்கலாம். ஒவ்வொரு கருவிக்கும் பதிப்பு எண்ணையும் தேடிய நாளையும் குறித்துவையுங்கள். மாதிரிகள் திருத்தப்பட்டுக்கொண்டே இருப்பதால் அடுத்த ஆண்டு அதே எண்கள் வராமல் போகலாம். தேர்வாளர் தாமே தேடிப் பார்ப்பவராக இருந்தால் அந்த வேறுபாட்டுக்கு நீங்கள்தான் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

318-க்கு முன்னால் எவ்வளவு இடம் விட்டு வெட்டப் போகிறீர்கள்? ஒழுங்கற்ற பகுதியில் ஐந்தாறு அமினோ அமிலங்களுக்கு மேல் சேர்க்க வேண்டாம். நுண்ணுயிரியின் நொதிகள் அந்த வாலைக் கடித்துவிடும்.

பாயான் லெப்பாஸ் மாணவி
ஞாயிறு, இரவு 8.52

313 முதல் 460 வரை. நாளைக் காலை ஆணை கொடுக்கிறேன், ஐயா.